கிடாரும் கேள்வியும்

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காதால் கேட்பதும் கேள்வி; வாயால் வினவுவதும் கேள்வி. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். நன்றாகக் கேட்டவனுக்கே நன்றாக வினவவும் தெரியும் என்பது இச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

இன்று நம் மாணவிகள் பலர் ராக், மெட்டல் ஆகிய மேனாட்டு இசைகளைக் கேட்கின்றனர். ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் பேருந்தில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், "எந்த ஆல்பம் பெரிது?", "யார் விரல் வேகம்?" என்ற வழக்கு நம் காதில் விழும். வீட்டிலோ வழக்கு வேறு விதம். "இது சங்கீதமா, சத்தமா?" என்று தந்தையார் கேட்பார், "உங்களுக்குத் தெரியாது அப்பா" என்று மகள் சொல்வாள். இரு வழக்கிலும் தீர்ப்பு உண்டு, சாட்சியம் இல்லை. காதில் விழுந்தது என்ன என்று ஒருவரும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

கிடார் நமக்குப் புதிதன்று

கிடார் என்றவுடன் நீண்ட தலைமுடியும் மேடை வெளிச்சமும் பலர் நினைவுக்கு வரும். ஆனால் கிறிஸ்மஸ் காலத்தில் நம் பள்ளிகளில் பாடப்படும் 'சைலன்ட் நைட்' பாடல் கிடாருடன் பிறந்தது என்பதை அறிவீர்களா? ஆஸ்திரியா நாட்டில் ஓபெர்ண்டார்ஃப் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில், 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இரவு அது முதன்முதலாகப் பாடப்பட்டது. பாடலை எழுதியவர் யோசெப் மோர் என்னும் குருவானவர். மெட்டமைத்தவர் ஃபிரான்ஸ் குரூபர் என்னும் பள்ளி ஆசிரியர். இரண்டு குரல்களும் ஒரு கிடாருமே அன்றைய கச்சேரி.

பின்னர் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழாய் ஆர்கனுக்கு உயரிய இடம் அளித்தது. அத்துடன், வழிபாட்டுக்குத் தகுதியும் ஆலயத்தின் மாண்புக்குப் பொருத்தமும் உடைய மற்றக் கருவிகளையும் ஏற்கலாம் என்றது. அதன் பின் உலகெங்கும் கோவில்களுக்குள் கிடார் வந்தது. வந்த நாள் முதல், தகுமா தகாதா என்ற விவாதமும் உடன் வந்தது.

தமிழ்த் திரையிசையில் கிடாருக்கு ஓர் இருக்கை தந்தவர்களுள் முதன்மையானவர் இளையராஜா. நம்மைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊரான பண்ணைப்புரத்தில் பிறந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலைக் கிடார் இல்லாமல் நினைத்துப் பார்க்க இயலுமா? அந்தக் கிடாரை வாசித்தவர் சந்திரசேகர். பாடகர் பெயரைச் சொல்லும் ரசிகர் ஆயிரம் பேர். வாசித்தவர் பெயரைச் சொல்வோர் சிலரே. ராக், மெட்டல் ரசிகர்களிடம் நாம் கற்க வேண்டிய நல்ல பழக்கம் ஒன்று உண்டு. வாசித்தவர் யார், எந்த முறையில் வாசித்தார் என்று அவர்கள் தேடித் தெரிந்துகொள்கிறார்கள்.

மின் கிடார் பேசுவது எப்படி?

சாதாரணக் கிடாரில் தந்தியின் அதிர்வை மரப்பெட்டி பெரிதாக்குகிறது. வீணையின் குடம் செய்யும் வேலையும் அதுவே. மின் கிடாரில் அந்தப் பெட்டி தேவையில்லை. எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இதற்குப் பிக்கப் என்று பெயர். தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. பௌதிகப் பாடத்தில் படிக்கும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதியே இது. அந்த மின்னோட்டத்தை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

ஆம்ப்ளிஃபயரால் தாங்க இயலாத அளவு வலுவாக மின்னோட்டத்தைச் செலுத்தினால் என்ன ஆகும்? அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். தூய ஒலியில் இல்லாத பல மேல் ஒலிகள் அப்போது பிறக்கும். பெரியவர்கள் 'கரகரப்பு' என்று சொல்லும் ஒலி இதுதான். இசைக்கலைஞர்கள் இதனை டிஸ்டார்ஷன் என்பர். தொடக்கத்தில் இதற்காகக் கருவியையே சிதைத்தவர்கள் உண்டு. அமெரிக்கரான லிங்க் ரே, 1958இல் வந்த 'ரம்பிள்' என்னும் இசைத்தட்டின் ஒலிக்காக ஒலிபெருக்கியில் துளையிட்டார். இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவீஸ், 1964இல் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர பிளேடால் கீறினார்.

டிஸ்டார்ஷன் வந்த பின் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளை அதில் வாசித்தால், மேல் ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பின. இரண்டே சுரங்களை வாசித்தால் குழப்பம் இல்லை. அவை எவை தெரியுமா? ஸட்ஜமும் பஞ்சமமும்! மெட்டல் இசையின் முதுகெலும்பான 'பவர் கார்டு' என்பது ஸ, ப ஆகிய இரண்டு சுரங்களே. பெரும்பாலும் மேல் ஸட்ஜமும் உடன் வரும். இந்த இரு சுரங்களின் அதிர்வெண் விகிதம் ஏறக்குறைய 2:3. கர்நாடகக் கச்சேரியில் பின்னால் தம்புரா மீட்டுவதும் இந்த ஸ, பவைத்தான். ஆகவே, மகளின் அறையிலிருந்து வரும் அந்த முழக்கமும் தாத்தா கேட்கும் கச்சேரியின் சுருதியும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன.

சத்தம் மிகுதி என்பார்க்கு ஒரு சொல். நாகஸ்வரமும் தவிலும் வீதியில் ஒலிக்கப் பிறந்தவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் புறப்படும்போது அவற்றை யாரும் மெல்ல வாசிக்கச் சொல்வதில்லை. உரத்து ஒலிப்பதாலேயே ஒன்று இசை அன்று என்றாகிவிடாது. ஆனால் காதுக்குள் செருகிக் கேட்கும் கருவியில் ஒலியை மிகுதியாக வைப்பது செவிக்குக் கேடு. ஆலையில் பல ஆண்டு வேலை பார்த்துக் காது மந்தமானவர்கள் இருக்கும் வீடுகளில் இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டு கைகளின் வேலை

கிடாரில் இடக்கை சுரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. வலக்கை அதை ஒலிக்கச் செய்கிறது. இடக்கைப் பழக்கமுடையோர்க்கு இது மாறி வரும். விவாதிக்கும்போது எந்தக் கையின் வேலையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாகச் சொன்னால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இடக்கையின் முக்கியமான வேலைகள் மூன்று. முதலாவது, தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்துவது. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதற்கு இது உறவு. இரண்டாவது, விரலைத் தந்தியின் மேலேயே நகர்த்திச் செல்வது. நம் ஜாரு இதுவே. மூன்றாவது, வலக்கையால் மீட்டாமல் இடக்கை விரலாலேயே தந்தியைத் தட்டியும் விடுவித்தும் சுரங்களை எழுப்புவது.

வலக்கையின் வேலை பெரும்பாலும் தாளம். மெட்டல் வாசிப்போர் உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின் மேல் மெல்ல அழுத்தி, ஒலியைத் துண்டு துண்டாக்குவர். மெட்டாலிகா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு வேகமான பகுதிகளிலும் மேலிருந்து கீழாகவே மீட்டுவதற்குப் பெயர் பெற்றவர். மேலும் கீழுமாக மீட்டினால் கை அத்தனை சோராது. ஆயினும் கீழ்நோக்கிய மீட்டில்தான் எல்லா அடியும் ஒரே அழுத்தத்தில் விழும். அவர் வேண்டுவது அந்த அழுத்தத்தையே. 2011 அக்டோபர் 30ஆம் நாள் அக்குழு பெங்களூரில் வாசித்தது.

வேகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், எட்டி வான் ஹேலனின் 'இரப்ஷன்' என்னும் தனி வாசிப்பு கட்டாயம் வரும். 1978இல் வெளிவந்த அது இரண்டு நிமிடம்கூட நீளாது. வலக்கை விரலையும் கிடாரின் கழுத்துக்குக் கொண்டுசென்று தந்தியைத் தட்டும் முறையை அது உலகறியச் செய்தது. இன்னொரு பக்கம் பி. பி. கிங் இருந்தார். ஒரே ஒரு சுரத்தை எடுத்து, தந்தியை அசைத்து, அதை அழவைத்துவிட்டுச் சும்மா இருப்பார். இவர்களுள் யார் பெரியவர் என்று கேட்பது, துரித காலம் பெரிதா, விளம்ப காலம் பெரிதா என்று கேட்பது போன்றதே. வேகத்தில் ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழுந்ததா, விளம்பத்தில் சுருதி நிலைத்ததா என்று கேட்பதே பயன் தரும்.

மெட்டுகள் பதித்த கிடாரில் கமகம் வருமா என்ற விவாதமும் நம் நாட்டில் நடந்தது. மின் மாண்டலினைக் கையில் எடுத்த உ. ஸ்ரீனிவாஸ் (1969-2014) சிறுவனாக மேடையேறியபோது, இக்கருவியில் கர்நாடக இசை எடுபடுமா என்று ஐயுற்றோர் பலர். அவர் வாசித்துக் காட்டினார்; ஐயம் அடங்கியது. இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா கர்நாடக இசையைக் கிடாரிலேயே வாசித்து வருகிறார். ராக் கிடாரின் மேதையான ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 2006இல் 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்னும் ஆல்பம் வெளியிட்டார். மலைக்கு அப்பால், கொச்சியின் மதர்ஜேன் குழு 2008இல் வெளியிட்ட 'மக்தூப்' ஆல்பத்தில், பைஜு தர்மஜனின் மின் கிடார் கமகம் பேசுகிறது. கேட்டுப் பார்த்தோர் அறிவர்.

ஆலைத் தொழிலாளியின் விரல்

மெட்டல் இசை பிறந்த கதை நம் ஊராருக்கு எளிதில் புரியும். ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். இயந்திரத்தின் முன் விரல் எவ்வளவு விலையுள்ளது என்பது இங்குள்ள குடும்பங்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்னும் தொழில் நகரத்தில் டோனி அயோமி என்ற இளைஞர் தகட்டு உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். முழுநேர இசைக்குப் போக எண்ணி வேலையை விட்டார். கடைசி நாளன்று இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளைத் துண்டித்தது. அப்போது அவருக்கு வயது 17. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய கையே அந்த வலக்கை. இனி வாசிக்க இயலாது என்று மனமுடைந்திருந்தபோது, தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் வாசிப்பு. தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போக, மற்ற இரண்டு விரல்களால் வாசித்த மேதை அவர்.

அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தொப்பிகள் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டினார். அழுத்த எளிதாக இருக்கும்படி மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னர் சுருதியையும் இறக்கித் தந்திகளைத் தளர்த்தினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் கிடார் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருக்கிறது. தந்தி தளரவே ஒலி கனத்தது. அவருடைய 'பிளாக் சபத்' குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13இல் வெளிவந்தது. மெட்டல் இசையின் தொடக்கம் என்று பலரும் அதனையே குறிப்பிடுவர். அந்தக் கனத்த ஒலிக்குள் காயப்பட்ட ஒரு தொழிலாளியின் விடாமுயற்சி இருக்கிறது என்று அறிந்தபின், நம் செவி அதை வேறு விதமாகக் கேட்கும் அன்றோ!

அஞ்ச வேண்டியது சுரமா, சொல்லா?

மெட்டல் இசை தீயது, பிசாசின் இசை என்று சிலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சத்தை ஏளனம் செய்தல் தகாது, ஆராய்தல் வேண்டும்.

பிளாக் சபத் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் பாடலில், ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிரதி மத்யமம் என்ற மூன்று சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஸட்ஜத்திற்கும் பிரதி மத்யமத்திற்கும் உள்ள இடைவெளியைப் பழைய ஐரோப்பிய இசை நூலார் 'இசையில் பிசாசு' என்றனர். பாடுவதற்குக் கடினமாகவும் இணங்காமலும் இருந்ததால் வந்த பெயர் அது. திருச்சபை அதைத் தடை செய்தது என்னும் கதைக்கு ஆதாரம் இல்லை.

நம் நாட்டிலோ 72 மேளகர்த்தாக்களில் 36 பிரதி மத்யமத்தைக் கொண்டவை. மங்களகரமான ராகம் என்று போற்றப்படும் கல்யாணியிலும் அதே சுரம்தான் ஒளிர்கிறது. ஐரோப்பாவில் அச்சம் தந்த இடைவெளி நம் வீட்டுக் கல்யாணத்தில் மங்கலம் தருகிறது. ஆகவே சுரத்தில் தீமை இல்லை. அது எதனோடு சேர்கிறது, எந்தக் கதியில் வருகிறது என்பதே உணர்ச்சியை உண்டாக்குகிறது.

சொற்களின் செய்தி வேறு. சில பாடல்களின் சொற்கள் நம் பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல என்பது உண்மை. பெற்றோர் அதைக் கேட்டு அறிந்து விலக்குவது அவர்தம் கடமை. ஆனால் கேட்காமலேயே முழு இசையையும் விலக்குவது, ஒரு நூலின் அட்டையைப் பார்த்து நூலகத்தையே பூட்டுவது போலாகும். மகளும் தான் கேட்கும் பாடலின் பொருளைத் தாயிடம் விளக்கிச் சொல்லக் கூடியவளாக இருக்க வேண்டும். விளக்கத் தயங்கும் பாடலாயின், ஏன் தயங்குகிறோம் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆல்பத்தை எடைபோடுவது

நமக்குப் பழக்கம் திரைப்பாடல். அது கதைக்காகப் பிறக்கிறது. ராக் ஆல்பம் அவ்வாறன்று. 1948இல் அறிமுகமான நீண்ட இசைத்தட்டு, நிமிடத்திற்கு 33⅓ முறை சுழன்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இசை தந்தது. எது முதலில், எது கடைசியில், எந்தப் பாடலோடு தட்டைத் திருப்ப வேண்டும் என்றெல்லாம் கலைஞர்கள் எண்ணத் தொடங்கினர். ஆகவே ஆல்பத்தை எடைபோடுவோர் ஒரு பாடலை மட்டும் கேட்டுப் பேசக் கூடாது. வரிசையாக முழுவதும் கேட்க வேண்டும்.

1986ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வெளிவந்தது. அதே ஆண்டில் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' வெளிவந்தது. தியாகராஜ சுவாமிகளுக்கும் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட, படம் சாராத ஆல்பம் அது. இதில் எது பெரிது என்று கேட்டால் விடை கிடையாது. இரண்டிலும் பல குரல்கள் ஒன்றையொன்று எப்படித் தொடர்கின்றன, எங்கே கதி மாறுகிறது, மௌனம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால், ஒரு மாலைப் பொழுது போதாது.

பெண் கையில் கிடார்

"பெண்பிள்ளைக்கு எதற்குக் கிடார்?" என்ற கேள்வி இன்னும் சில வீடுகளில் எழுகிறது. அதற்கு வரலாறு விடை சொல்லும். ராக் இசையின் முன்னோடிகளுள் ஒருவர் ஒரு பெண். அதுவும் ஆலயத்தில் பாடி வளர்ந்த பெண். சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்பது அவர் பெயர். துறவியல்லர், அவர் சார்ந்த சபையில் 'சகோதரி' என்று அழைப்பது வழக்கம். 1915இல் அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. தாயுடன் ஊர் ஊராகச் சென்று கிடார் வாசித்து நற்செய்திப் பாடல்கள் பாடினார். பிற்காலத்தில் மின் கிடாரை ஏந்தி அவர் வாசித்த முறையை, ராக் இசையின் பெரும் பெயர்கள் பலரும் கேட்டு வளர்ந்தனர். 1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், பயன்பாட்டில் இல்லாத ஒரு ரயில் நிலைய மேடையில் நின்று தொலைக்காட்சிக்காக வாசித்தார். 1973இல் மறைந்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மாடத்தில் அவர் பெயர் 2018இல்தான் சேர்ந்தது. அவர் மறைந்து 45 ஆண்டுகள் சென்றபின்!

ஒரு பெண் பாடல் இயற்றியதால் உலகறிந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரங்கள் முப்பதும் மார்கழி தோறும் ஒலிக்கும் இம்மண்ணில், பெண்ணுக்கு இசை எதற்கு என்று கேட்பது பொருந்துமா?

விவாதிப்போர்க்குச் சில சொற்கள்

மாணவச் செல்வங்களே! விவாதத்தை விட்டுவிடாதீர்கள். இசையைப் பற்றி வாதிடுவது இசையை நேசிப்பதன் அடையாளமே. ஆனால் வாதத்திற்கு முன் ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். "நன்று", "தீது" என்னும் முன், "இந்த இடத்தில் தந்தியை இழுக்கிறார்", "இங்கே தாளம் மாறுகிறது" என்று ஒன்றையாவது சுட்டிச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பினர் சுட்டிய இடத்தை அவரோடு சேர்ந்து மீண்டும் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காததை நன்றாக வாசித்திருக்கலாம். உங்களுக்குப் பிடித்ததில் குறையும் இருக்கலாம். இரண்டையும் ஒப்புக்கொள்ளக் கற்பது பெரிய கல்வி.

பெற்றோரே! உங்கள் மகள் கேட்கும் ஒரு பாடலை அவளருகில் அமர்ந்து முழுவதும் கேளுங்கள். கேட்டபின் உங்களுக்குப் பிடித்த ஒரு பாடலை அவளுக்குக் கேட்கத் தாருங்கள். தம்புராவின் ஸ, ப இரண்டிலும் ஒலிப்பதை அவள் உங்களுக்குக் காட்டட்டும். கல்யாணியின் மத்யமத்தை நீங்கள் அவளுக்குக் காட்டுங்கள். பிறகு வழக்கைத் தொடருங்கள். அப்போது இருவரிடமும் சாட்சியம் இருக்கும்.